மலை வழிவிட்ட காலம்

ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்குச் செல்லும் பழைய சாலையில், மெங்லெம்பு நகரைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றால் லகாட் என்னும் சிற்றூர் எதிர்ப்படும். இன்று அவ்வழியே விரைவோரில் பலர் அதனைக் கடந்து சென்றதையே உணர்வதில்லை. ஆனால் உலகச் சந்தையில் மலாயா ஈயத்துக்குப் பெரும்பெயர் இருந்த நாளில், இவ்வூரின் பெயர் இலண்டன் நகரத்து நிலவியல் அறிஞர்களின் ஏட்டிலும் இடம்பெற்றது. ஊரின் மேற்கே நிமிர்ந்து நோக்கினால், வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கிறது கிளேடாங் மலைத்தொடர். கிந்தாப் பள்ளத்தாக்குக்கும் பேராக் ஆற்றுச் சமவெளிக்கும் நடுவே இயற்கை எழுப்பிய மதில் அது. அம்மதிலை மனிதன் எவ்வாறு கடந்தான், எப்பொழுது துளைத்தான், துளைத்தபின் அவ்வழியே எது சென்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் 'சுரங்கம்' என்னும் சொல் இருபொருள் தருவது. கனிப்பொருளைத் தோண்டியெடுக்கும் குழியும் சுரங்கமே. மலையையோ மண்ணையோ ஊடுருவிச் செல்லும் வழியும் சுரங்கமே. மதுரையில் யானைகள் கூட்டமாகச் செல்லத்தக்க அளவு அகன்ற நிலத்தடி வழி இருந்ததைச் சிலப்பதிகாரம் 'சுருங்கை' என்று குறிக்கின்றது. இச்சொல் குழல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்றோடு உறவுடையது என்பர் சொல்லாராய்ச்சியாளர் சிலர். மலையை வெட்டி வழி சமைத்த செய்தியும் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. மோரியர் தம் தேர்ச்சக்கரம் தடையின்றி உருளும்பொருட்டு மலையைக் குறைத்து வழி செய்தனர் என்னும் குறிப்பு அகநானூற்றிலும் புறநானூற்றிலும் உள்ளதைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவார்கள். அக்குறிப்பைப் பாடஞ்சொல்லும்போது தேருக்குரியவன் பெயரை நாம் விளக்குகிறோம். உளி பிடித்தவனைப் பற்றிப் பாட்டிலும் செய்தியில்லை, உரையிலும் செய்தியில்லை.

லகாட்டுக்கு இவ்விருபொருளும் பொருந்தும். 1880களில் கிந்தாவுக்கு வந்த ஐரோப்பிய ஈய நிறுவனங்களுள் முற்பட்டது பிரெஞ்சுக்காரருடையது. அது லகாட்டில் தொழில் தொடங்கியது. அக்காலத்தில் கிந்தாவை அளந்து வரைபடம் தீட்டிய பிரெஞ்சுப் பொறியாளர் ஜாக் டி மோர்கன், பின்னாளில் பாரசீக நாட்டுச் சூசா நகரில் அகழாய்வு நடத்தியவர். ஹம்முராபியின் சட்டக் கல்வெட்டு வெளிப்பட்டது அவர் தலைமையில் நடந்த அகழாய்வில்தான். கிந்தாவின் சேற்றில் அளவுச் சங்கிலி இழுத்த மனிதர் உலக வரலாற்றின் பழைய சட்டநூல் ஒன்றை மண்ணிலிருந்து மீட்டார் என்பது மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி.

கிந்தாவின் ஈயத்தில் பெரும்பகுதி மேல்மண்ணோடு கலந்த சரளையில் கிடைத்தது. லகாட்டிலோ சுண்ணாம்புப் பாறையின் உள்ளே, புகைபோக்கியைப் போல் செங்குத்தாக இறங்கிய ஒரு துளை முழுவதும் ஈயக்கனிமம் நிறைந்திருந்தது. மலாய் மாநிலங்களின் அரசாங்க நிலவியலாளராயிருந்த ஸ்கிரிவெனர் இதனை ஆராய்ந்து 1909-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். 'லகாட் குழாய்' என்பதே அதற்கு அறிஞர் உலகில் வழங்கிய பெயர். குழல் என்னும் பொருளிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் சுரங்கம் என்ற சொல்லுக்கு இதனினும் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

இந்த ஈயம் எங்கிருந்து வந்தது? கிளேடாங் மலையும் கிழக்கே நிற்கும் நடுமலைத் தொடரும் கருங்கல் வகையைச் சேர்ந்த பாறையால் ஆனவை. பல கோடி ஆண்டுகளுக்குமுன் நிலத்தின் ஆழத்தில் உருகிய குழம்பு மேலெழுந்து இறுகியபோது, அதன் ஓரங்களிலும் வெடிப்புகளிலும் ஈயக்கனிமம் படிந்தது. பின்னர் மழையும் ஆறும் மலையை அரித்தன. இலேசான மண் அடித்துச் செல்லப்பட்டது. கனமான ஈயமணல் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புத் தரையில் தங்கியது. ஆக, கிந்தாவுக்குச் செல்வம் தந்ததும் இம்மலைதான். அச்செல்வம் மேற்கே போகவொட்டாமல் மறித்து நின்றதும் இம்மலைதான்.

மறித்தது என்பது மிகையன்று. இரயில் வருமுன் கிந்தாவின் ஈயம் மலையைக் கடக்க முயலவில்லை. படகிலேறிக் கிந்தா ஆற்றின்வழித் தெற்கே சென்று, பேராக் ஆற்றில் கலந்து, தெலுக் அன்சன் எனப்பட்ட இன்றைய தெலுக் இந்தான் துறையை அடைந்தது. தரைவழிப் பயணத்துக்கு யானையே வாகனம். 1879-ஆம் ஆண்டில் இசபெல்லா பர்ட் என்னும் ஆங்கிலப் பெண்மணி தைப்பிங்கிலிருந்து கோலகங்சாருக்கு யானைமீது சென்றார்; அப்பயணத்தின் இன்னல்களை அவர் தம் நூலில் நகைச்சுவையுடன் விவரித்துள்ளார். அவர் கடந்த கணவாய்ப் பகுதியே புக்கிட் பெராப்பிட். மலாய் மொழியில் 'அப்பிட்' என்பது இருபுறமும் நெருக்குதலைக் குறிக்கும். நெருக்கும் மலை என்று தமிழாக்கினால் பொருந்தும். பேராக்கில் மலையைக் குடைந்த முதற்பெரும் முயற்சி அந்த நெருக்கத்தில்தான் நிகழ்ந்தது.

மலாயாவின் முதல் இரயில்பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே போடப்பட்டு, 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ எட்டுக் கல் நீளமே உள்ள அப்பாதையை அமைக்க, இலங்கையில் சாலை வெட்டிப் பழகிய பயனியர் படையின் இரு பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. அப்படையில் தென்னாட்டுத் தொழிலாளரே மிகுதி. இந்நாட்டில் முதல் தண்டவாளம் பதித்த தோள்களில் தமிழர் தோள்கள் இருந்தன என்று நாம் மேடைகளில் முழங்குவது இச்செய்தியைக் கொண்டே. முழக்கத்தோடு நின்றுவிடாமல் அப்பாதை அடுத்து எங்கே சென்றது என்றும் நோக்கவேண்டும். தைப்பிங் ஈயத்துக்குக் கடல் அருகில் இருந்தது. கிந்தாவின் ஈயம் வளர வளர, இரு வயல்களையும் இணைக்கவேண்டிய தேவை எழுந்தது. பேராக் ஆற்றின் குறுக்கே கராய் என்னுமிடத்தில் செங்கல் தூண்கள்மீது நிறுத்திய விக்டோரியா பாலம் 1900-ஆம் ஆண்டில் சுல்தான் இட்ரிஸ் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. பெராப்பிட் மலையில் குகைகள் வெட்டப்பட்டன. 1903-ஆம் ஆண்டில் பிறையிலிருந்து சிரம்பான் வரை இரயில் தொடர்ந்து ஓடும் நிலை ஏற்பட்டது.

அந்நாளில் மலையைக் குடைவது எத்தகைய வேலை என்று இக்கால மாணவர் எண்ணிப்பார்த்தல் நலம். சம்மட்டியால் உளியை அறைந்து பாறையில் துளையிடுதல்; துளையில் வெடிமருந்தைத் திணித்துத் திரி வைத்தல்; புகை அடங்கியபின் உடைந்த கல்லைக் கூடையில் வாரிச் சுமத்தல்; மீண்டும் உளி. ஆயினும் பாறையைவிடக் கொடியது காய்ச்சல். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் மெய்ப்பித்ததே 1897-ஆம் ஆண்டில்தான். அதன்பின் மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் ஓர் உண்மையைக் கண்டார். தாழ்நிலத்தில் காட்டை அழித்து நீரை வடித்தால் காய்ச்சல் குறைகிறது. மலைப்பாங்கான இடத்தில் காட்டை அழித்தாலோ அது பெருகுகிறது. காரணம் கொசுவின் இயல்பு. தாழ்நிலத்தில் நோய் பரப்பும் கொசு நிழலை நாடுவது. மலையில் நோய் பரப்பும் கொசு வெயில் படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடுவது. மரத்தை வீழ்த்தி ஓடையில் வெயில் விழச்செய்தவனே, தன்னை அறியாமல், அக்கொசுவுக்குத் தொட்டில் கட்டினான். மலையில் சாலையும் இரயில்பாதையும் அமைத்தவர்கள் ஏன் அவ்வளவு எளிதில் மடிந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. அவர்கள் செத்தது விதியால் என்று ஊரில் சொல்லப்பட்டது. உழைப்பின் தன்மையிலேயே சாவு இருந்தது.

இரயிலுக்குப் பின்னர்ச் சாலை. சடக்கு என்று நம் தோட்டத்து மக்கள் வழங்கிய அச்சாலையைச் செப்பனிட்டுக் காத்தவர்கள் பொதுப்பணித் துறையின் லயங்களில் வாழ்ந்த தமிழர்கள். ஈப்போவிலிருந்து வடக்கே செல்லும் சாலை கிளேடாங் மலையோடு மோதவில்லை. செம்மோர், சுங்கை சிப்புட் என மலையின் ஓரமாகவே சென்று, எங்கோரில் பேராக் ஆற்றைக் கடந்து கோலகங்சாரை அடைந்தது. 1932-ஆம் ஆண்டில் இஸ்கந்தர் பாலம் திறக்கப்படும்வரை அங்கே ஆற்றைக் கடக்க மிதவைப் பாலமே இருந்தது. கோலகங்சாரில் 1877-இல் ஹியூ லோ நட்ட இரப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் அச்சாலையின் இருமருங்கும் பரவின. அவற்றோடு தமிழர் குடியிருப்புகளும் பரவின. சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, உலகம் என்பது அந்தச் சடக்கில் ஓடிய பேருந்தின் இரண்டு முனைகளுக்குள் அடங்கியதே.

லகாட் வழியாகவும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கிளை இரயில் ஓடியது. ஈப்போவிலிருந்து ஈய ஊர்களை இணைத்துத் துரோனோ வரை சென்ற அப்பாதையின் தண்டவாளங்கள் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டன. தண்டவாளம் மட்டுமா பெயர்ந்தது? அவ்வாண்டுகளில் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் எல்லைக்கு அனுப்பப்பட்டு, மீண்டும் மலை வெட்டினார்கள். சயாம் மரண இரயிலைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கே அதனைக் குறித்துமட்டும் செல்கிறேன்.

கிளேடாங் மலையை நேராகத் துளைக்கும் எண்ணம் நெடுஞ்சாலைக் காலத்தில்தான் செயலாயிற்று. தீபகற்பத்தின் வடமுனையையும் தென்முனையையும் இணைக்கும் விரைவுச்சாலைத் திட்டத்தில், ஈப்போவுக்கும் சங்காட் ஜெரிங்குக்கும் இடைப்பட்ட பகுதி 1987-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் உயிர்நாடி மெனோரா சுரங்கப்பாதை. போகவும் வரவும் தனித்தனியே இரு குகைகள். ஒவ்வொன்றிலும் இரு தடங்கள். நீளம் ஏறத்தாழ 800 மீட்டர். 1970களின் இறுதியில் கெந்திங் செம்பாவில் அமைந்த சுரங்கப்பாதைக்குப் பின் இந்நாட்டு நெடுஞ்சாலையில் தோன்றிய பெருங்குகை இதுவே. மெனோரா என்பது வடமாநிலங்களில் சியாமியர் ஆடும் கூத்தின் பெயருமாகும். மனோகரை என்னும் கின்னரியின் கதையிலிருந்து அக்கூத்து பிறந்தது. இலாரிகள் உறுமும் குகைக்கு இத்துணை மென்மையான பெயர் வாய்த்திருப்பதை எண்ணிப் புன்னகை செய்யாமல் இருக்க முடியவில்லை.

இப்பாதையைக் கவனித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு விடுமுறை நாளில் லகாட்டிலிருந்து நண்பர் இருவருடன் காரில் புறப்பட்டேன். ஈப்போவின் வடபுறத்தில் ஜெலாப்பாங்கைக் கடந்ததும் சாலை மலையேறத் தொடங்குகிறது. வலிமை குன்றிய இலாரிகள் இடத்தடத்தில் முனகிக்கொண்டு ஏறுகின்றன. இருபுறமும் படிப்படியாக வெட்டப்பட்ட சரிவுகள். மழைநீர் மண்ணைக் கரைக்காதபடி வடிகால்கள். வெப்பநாட்டு மழையில் கருங்கற் பாறையின் மேற்பகுதி மிக ஆழம்வரை செம்மண்ணாக நைந்துபோகும். இத்தகைய மலையை மேலிருந்து முழுவதும் வெட்டித் திறந்தால், நைந்த மண் ஆண்டுதோறும் சரிந்துகொண்டே இருக்கும். உள்ளே உறுதியாக நிற்கும் பாறையைக் குடைந்து செல்வது செலவு மிகுந்ததாயினும் நிலையானது. அந்த இடத்தில் மலையைப் பிளக்காமல் துளைத்தது ஏன் என்பது அச்சரிவுகளைக் கண்டபோது விளங்கியது.

குகைவாய் வந்தது. விளக்கேற்றுமாறு அறிவிக்கும் பலகை, உடனே இருள், பின்னர் வரிசை விளக்குகளின் ஒளி. எங்கள் கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது. அரை நிமிடத்துக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். நண்பர் ஏதோ சொல்லத் தொடங்கி வாக்கியத்தை முடிக்குமுன் மறுபுறத்து வெயில் கண்ணைக் கூசச் செய்தது. யானைகளும் படகுகளும் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிச் சென்ற மலை அது. அதனுள் நிற்க அனுமதி இல்லை. நின்று பார்க்கத்தக்க ஒன்றும் உள்ளே இல்லை. ஆற்றங்கரை அருகிலுள்ள சுங்கை பேராக் ஓய்விடத்தில் இறங்கித் தேநீர் அருந்தியபோதுதான், கடந்து வந்தது ஒரு மலைத்தொடர் என்னும் உணர்வே எங்களுக்கு ஏற்பட்டது.

திரும்பும்போது இறக்கம். அவ்விறக்கத்துக்கு ஒரு துயர வரலாறு உண்டு. நெடிய சரிவின் அடியில் ஜெலாப்பாங் சாலைக்கட்டணச் சாவடி முன்னர் இருந்தது. பாரம் ஏற்றிய இலாரிகள் சரிவு முழுவதும் தடையை அழுத்திக்கொண்டே வந்தால் தடைக்கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். சரியாக நிற்கவேண்டிய இடத்தில் நிற்கமுடியாமல் போகும். அங்கே விபத்துகள் தொடர்ந்து நிகழவே, பின்னாளில் அச்சாவடி அகற்றப்பட்டது. வழி திறப்பது ஒரு கலை. திறந்த வழி எங்கே போய் முடியவேண்டும் என்று தீர்மானிப்பது வேறொரு கலை என்று தோன்றுகிறது.

இனி, இவ்வரலாற்றில் என்னை மிகுதியும் சிந்திக்க வைத்த செய்திக்கு வருகிறேன். பாதை திறந்த ஆண்டு 1987. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குமுன், 1985 அக்டோபர் 24-ஆம் நாள், இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. விலை விழாமல் காக்கும்பொருட்டுச் சந்தையில் ஈயத்தை வாங்கிக் குவித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் அன்று தீர்ந்துபோயிற்று. உணவுப் புட்டிகளுக்கு அலுமினியம் போன்ற மாற்றுகள் வந்திருந்தன. மன்றத்தில் சேராத பிரேசில் ஏராளமாகத் தோண்டி விற்றது. செயற்கையாக உயர்த்தி நிறுத்திய விலை எத்தனை நாள் நிற்கும்? சில மாதங்களில் அது ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈயத்தில் பாதிக்கும் மேல் அளித்த நாட்டில், சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பத்து காஜாவுக்கு அப்பால் தஞ்சோங் துவாலாங் செல்லும் வழியில், 1938-இல் கட்டப்பட்ட 4,500 டன் எடையுள்ள ஈயம் வாரும் கப்பலொன்று இன்று காட்சிப்பொருளாக நிற்கிறது. அது வேலையை நிறுத்தியது இன்னும் முன்னரே, 1982-இல்.

ஒரு சுரங்கம் திறந்தபோது மற்றைச் சுரங்கம் மூடியது. நூறாண்டுகளாக ஈயத்தை மேற்கே கொண்டுசெல்ல ஒரு நேர்வழியை வேண்டி நின்ற பள்ளத்தாக்குக்கு, அனுப்புவதற்கு ஈயம் இல்லாதபோது அவ்வழி கிடைத்தது. எனில் அவ்வழியே எது சென்றது? மனிதர்கள் சென்றார்கள். ஈயத்தோடு இரப்பரும் தளர்ந்தது, தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின, லயங்கள் காலியாயின. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆலைகளும் கைகளைக் கேட்டன. பேராக் தோட்டங்களில் பிறந்த நம் பிள்ளைகள் பெட்டியோடு பேருந்தேறி இச்சாலையில் போனார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இதே குகைவழியே திரும்பி வருகிறார்கள். பெராப்பிட் மலையைக் குடைந்தவனின் பேரனுக்கு மெனோரா அரை நிமிட இருள். இதனை இழப்பென்று மட்டும் சொல்லமாட்டேன். காய்ச்சலில் மடியாமல், ஊதிய உறுதியோடு, தான் விரும்பிய திசையில் போக ஒரு வழி கிடைத்தது பேறுதான். ஆனால் அந்தப் பேரனிடம் பெராப்பிட்டைப் பற்றி எவரும் சொல்லியிருக்கவில்லை என்பதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் பள்ளிகளில் மோரியர் வெட்டிய மலைவழி பாடமாக இருக்கிறது. நம் பாட்டனார் வெட்டியது இல்லை.

பெயர்கள் இனிக் கிடைக்குமா என்பது ஐயமே. ஆயினும் இடங்கள் உள்ளன. கராய் பாலத்தின் செங்கல் தூண்களை இன்றும் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையிலான இரட்டைத் தண்டவாளத் திட்டம் 2014-ஆம் ஆண்டில் நிறைவெய்தியபோது, பெராப்பிட் மலையின் அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள புதிய குகைவழி மின்சார இரயிலுக்காகத் திறந்தது. பழைய பாதை கைவிடப்பட்டது. உளியால் வெட்டிய அக்குகைகளில் இப்போது இரயில் வருவதில்லை. வாயிலில் செடிகொடிகள் படர, கூரையிலிருந்து நீர் சொட்ட, அவை காட்டின் வசம் திரும்பிக்கொண்டிருக்கின்றன. மெனோராவைக் கடந்து கோலகங்சார் வரை வருவோர், பாடாங் ரெங்காஸ் பக்கமாகச் சிறிது தொலைவு பழைய சாலையிலேயே சென்றால் அம்மலையைக் காணலாம்.